எடுக்காத பொட்டலம்

காலை ஆறு மணி பத்து நிமிடம். தை மாதத்து வெள்ளிக்கிழமை. முதலில் கண்ணில் பட்டது என் தங்கையின் உள்ளங்கை. அதில் பிரித்த வெள்ளைப் பனியன் துணித் துண்டு. துண்டின் நடுவே சிவப்பு அரளி.

முருகனின் காலடியில் இன்னொரு பொட்டலம் பிரிக்கப்படாமல் இருந்தது. அதற்குள்ளும் சிவப்பு அரளிதான். இரண்டையும் கட்டி வைத்தவன் நான்.

இதுதான் நான் செய்தது. சொல்லி முடிக்க நான்கு வரிகூட ஆகவில்லை. ஆனால் பதினைந்து வருடம் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் இப்போது சொல்கிறேன், நீங்கள் எனக்கு யாரும் இல்லை என்பதால்.

நீங்கள் எங்கள் பக்கத்து ஆளாக இல்லாவிட்டால் இந்தப் பூ விவகாரம் புரியாது. திருப்பூரில் எங்கள் தெரு நெசவுக்காரர்களின் தெரு. தறிகள் போய்ப் பனியன் மெஷின்கள் வந்துவிட்ட பிறகும் தெருக்கோடியில் முருகன் மட்டும் அப்படியே இருந்தார். சிறிய கோவில். அதன் சாவி எங்கள் குடும்பத்திடம். எந்தக் காரியத்திலும் முடிவு தெரியாமல் தவிப்பவர்கள் வெள்ளிக்கிழமை காலையில் அங்கே வந்து பூக் கேட்பார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளை நந்தியாவட்டை, இன்னொன்றில் சிவப்பு அரளி. வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். கேட்பவர் கேள்வியைச் சொல்லி, மூன்று சுற்றுச் சுற்றி வந்து, ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சரி என்கிறார் சாமி. சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறார்.

எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்கக்கூடாது. அது கண்டிப்பான முறை. சாமி சொல்லாமல் விட்ட சொல் அது, மனிதன் பார்க்கக்கூடாது என்பார்கள். பூ வைத்தவனே அதை எடுத்துப்போய்க் கோவில் கிணற்றில் போட்டுவிட வேண்டும்.

இப்படி ஒரு முறையை யார் ஏற்படுத்தினார்கள் என்று எனக்குத் தெரியாது. பக்தி மிகுந்தவராக இருக்கலாம். என்னைப் போன்ற ஒருவராகவும் இருக்கலாம்.

என் அப்பா இருபது வருடத்துக்கு மேல் பூ வைத்தார். அவர் போன பிறகு அந்த வேலை எனக்கு வந்தது. நான் அப்போது கோவையிலிருந்து வரும் ஒரு காலைப் பத்திரிகைக்குத் திருப்பூர் நிருபர். நிருபர் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். தாலுகா ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன், கோவில் விழா, விபத்து. எழுதியதைக் கவரில் போட்டு, பஸ் நிலையத்தில் கோவை போகும் பஸ் டிரைவரிடம் கொடுக்க வேண்டும். நாலரை மணி பஸ்ஸை விட்டால் மறுநாள் பேப்பரில் திருப்பூர் கிடையாது.

என் நம்பிக்கை போனது அந்த நாலரை மணி பஸ்ஸால்தான். சிரிக்க வேண்டாம்.

பக்கத்து ஊரில் தேர்த் திருவிழா. தேர் நான்கு மணிக்கு வடம் பிடிப்பார்கள். பஸ் நாலரைக்கு. அதனால் மூன்று மணிக்கே எழுதிவிட்டேன். ‘பக்தர்களின் கோஷம் முழங்க, தேர் நான்கு வீதிகளிலும் அசைந்தாடி வந்தது’ என்று எழுதிக் கவரை ஒட்டிக் கொடுத்துவிட்டேன். அன்று தேர் அசையவே இல்லை. அச்சில் ஏதோ முறிந்து, நிலையிலேயே நின்றது. மறுநாள் காலைதான் சரி செய்து இழுத்தார்கள். அதற்குள் பேப்பர் வந்துவிட்டது.

வேலை போய்விடும் என்று பயந்து இரண்டு நாள் காத்திருந்தேன். ஒரு கடிதம்கூட வரவில்லை. மூன்றாம் நாள் டீக்கடையில் அந்த ஊர்க்காரர் ஒருவர் என் தோளைத் தட்டினார். தேர் நின்றபோது வடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்.

“தேர்ச் செய்தி அருமையா எழுதியிருந்தீங்க. நேர்ல பாத்தாப்பலயே இருந்துச்சுங்க.”

“அன்னைக்குத் தேர் ஓடலைங்களே?” என்றேன்.

“அட, மக்யா நாள் ஓடுச்சில்லீங்க” என்று சொல்லிவிட்டு அவர் டீயைக் குடித்தார்.

அவ்வளவுதான். இடி விழவில்லை, யாரும் சாகவில்லை. ஆனால் அதன் பிறகு தல புராணம் எதைக் கேட்டாலும் எனக்கு ஒரு நினைப்பு வரும்... இதை எழுதியவருக்கும் நாலரை மணிக்கு ஒரு பஸ் இருந்திருக்குமோ? அவர் எழுதியதையும் நேரில் நின்றவர்களே தலையாட்டி ஏற்றுக்கொண்டிருப்பார்களோ? ஒரு வருடத்துக்குள் எல்லாம் உதிர்ந்துவிட்டது. விளக்கேற்றும்போது விளக்கு தெரிந்தது. கல்லைப் பார்த்தால் கல் தெரிந்தது. அவ்வளவுதான் தெரிந்தது.

நம்பிக்கை போன மனிதன் என்ன செய்ய வேண்டும்? நீங்கள் சொல்லுங்கள். விட்டுவிட வேண்டும், இல்லையா? எனக்கும் அது தெரிந்தது. பெரியப்பா மகன் முத்துச்சாமி இருந்தான். ஓவர்லாக் டெய்லர். திருநீறு இல்லாமல் மெஷினில் உட்காராதவன். சாவியைக் கொடுத்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கியிருப்பான்.

நான் கொடுக்கவில்லை. தங்கராஜ் என்று எனக்கு ஒரு நண்பர், மாலைப் பத்திரிகை நிருபர், கவர் கொடுக்க வரும் இடத்தில் பழக்கம். அவரிடம் மட்டும் இதைப் பேசியிருக்கிறேன்.

“உங்குளுக்குச் சாமியே இல்லைன்னு ஆயிப்போச்சு. அப்பறம் எதுக்குங்க மணி ஆட்டறீங்க?” என்று கேட்டார்.

“நீங்க மட்டும் ஞாயித்துக்கிழமையானா சர்ச்சுக்குப் போறீங்களே. உங்குளுக்கு இருக்குதுங்களா?”

“எனக்கும் எப்பவோ போயிருச்சுங்க. எங்கம்மாளுக்குக் கண்ணு செரியாத் தெரியாது. பாட்டுப் புஸ்தகத்துல பக்கம் எடுத்துக் குடுக்க ஆளு வேணுமில்லீங்க.” பிறகு சொன்னார்: “நான் போறது ஒரு பொம்பளைக்குப் பக்கம் எடுத்துக் குடுக்க. உங்கது அப்படி இல்லீங்க. ஊரே உங்ககிட்ட வந்து கையேந்துது. பாத்துக்குங்க.”

அவர் விளையாட்டாகச் சொன்னாரா என்று தெரியாது. நான் சிரித்தேன்.

ஏன் கொடுக்கவில்லை? அம்மா வருத்தப்படுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். தாலுகா ஆபீஸில் என்னைப் பெஞ்சில் உட்கார வைப்பார்கள். கம்பெனி முதலாளிகள் வாசலில் நிற்க வைத்துப் பேசுவார்கள். ஆனால் வெள்ளிக்கிழமை காலையில் அதே முதலாளிகள் சட்டையைக் கழற்றிவிட்டு என் முன்னால் குனிந்து நிற்பார்கள். நம்பிக்கை போன பிறகு அந்தக் குனிவு எனக்கு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அது பிடித்திருந்தது. தைப்பூசம் முடிந்ததும் சாவியைக் கொடுத்துவிடலாம் என்று தள்ளிப்போட்டேன்.

அந்தக் கார்த்திகையில் சரசு வந்தாள்.

சரஸ்வதி, என் ஒரே தங்கை. உடுமலைப் பக்கம் கணியூரில் மளிகைக் கடை வைத்திருக்கும் பழனிச்சாமிக்குக் கட்டிக் கொடுத்து மூன்று வருடம். இடுப்பில் ஒரு வயதுப் பெண் குழந்தை, கையில் ஒரு துணிப் பை. இடது கைச் சுண்டுவிரல் முறிந்து கோணலாகக் கூடியிருந்தது. அம்மா அந்த விரலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இனி இவ போகவேண்டாம். இது அவளூடு” என்றாள். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

பத்தே நாளில் சரசு ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். தைத்து வரும் பனியன்களை விரித்துப் பிடித்து, ஓட்டை, தையல் விட்ட இடம், எண்ணெய்க் கறை பார்த்து ஒதுக்கும் வேலை. குழந்தையை அம்மா பார்த்துக்கொண்டாள். மாலையில் வரும்போது அவள் தலைமுடியில் பஞ்சுத் தூசு இருக்கும். சாப்பிடும்போது கம்பெனிக் கதைகள் சொல்லுவாள்.

“ஒரு பக்கம் பாத்துட்டு உட்டறக்கூடாதுங்கண்ணா. திருப்பியும் பாக்கோணும். ஓட்டையெல்லாம் அந்தப் பக்கத்துலதான் இருக்குதுங்க. எங்க சூப்பர்வைசரு, ‘சரசு பாத்த பீஸை யாரும் மறுக்காப் பாக்க வேண்டாம்’னுட்டாருங்க.”

அந்த இரண்டு மாதமும் அவள் வீட்டில் சிரித்தாள். நான் அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. பார்ப்பதுதான் என் தொழில்.

எனக்கு அப்போது பெண் பார்த்து முடிந்திருந்தது. பல்லடத்துக்காரர்கள். நல்ல குடும்பம். மார்கழியில் பெண்ணின் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். சரசு கம்பெனிக்குப் போயிருந்தாள். குழந்தை நடையில் தவழ்ந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே காபி குடித்தார்.

“தப்பா நெனைக்காதீங்க. கட்டிக் குடுத்த புள்ள வந்து ஊட்டுல இருக்குதுன்னு கேள்விப்பட்டனுங்க. எங்கூட்டுல பொம்பளைங்க ரோசனை பண்றாங்க. அந்த விசயம் ஒரு முடிவுக்கு வரட்டுமுங்க. அப்பறம் நாம நாள் குறிச்சுக்கலாமுங்க.”

எவ்வளவு மரியாதையாகச் சொன்னார்! ஒரு சொல்லில்கூடக் குற்றம் காண முடியாது.

தை பிறந்ததும் பழனிச்சாமி இரண்டு பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். அம்மாவின் காலைத் தொட்டார். இனி குடிக்க மாட்டேன் என்றார். சரசு கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு இங்கேயே இருக்கவேண்டும் என்றுதான் மனம். ஆனால் குழந்தைக்கு அப்பன் இல்லாமல் செய்கிறோமோ என்ற பயமும் இருந்தது. அம்மா அவளைப் பார்த்துத் தலையை அசைத்தாள், வேண்டாம் என்று.

“இங்கயே இருந்துக்கட்டுமான்னு பூக் கேட்டுட்டுச் சொல்றனுங்க” என்றாள் சரசு.

எல்லோரும் அதை ஒப்புக்கொண்டார்கள். பழனிச்சாமிகூட ஒப்புக்கொண்டார். சாமி சொன்னால் யாருக்கும் தோல்வி இல்லை. பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பூ வைக்கிறவன் நான்தானே.

வெள்ளிக்கிழமை ஐந்தரைக்குக் கோவிலைத் திறந்தேன். சுவரோரம் அரளி பறித்தேன். கிணற்றடியில் நந்தியாவட்டையும் பறித்தேன். அதைக் குறித்துக்கொள்ளுங்கள், வெள்ளைப் பூவையும் பறித்தேன். அப்பா வாழை இலையில் பொட்டலம் கட்டுவார். இலை ஈரத்தில் நிறம் காட்டுகிறது என்று, நான் வந்த பிறகு, கம்பெனிகளில் வெட்டித் தள்ளும் பனியன் துணித் துண்டுகளுக்கு மாற்றியிருந்தேன். கெட்டியான துணியாகப் பார்த்து எடுப்பேன். அப்போது ஏமாற்றும் எண்ணம் கிடையாது. முறையாகச் செய்யவேண்டும் என்ற எண்ணம்தான்.

முதல் துண்டில் அரளி வைத்து நூலால் கட்டினேன். இரண்டாவது துண்டை விரித்தேன். நந்தியாவட்டையைக் கையில் எடுத்தேன்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. என்ன நினைத்தேன் என்பது தெரியும். ‘இது வெறும் பூ. சாமி இல்லை. எதை எடுப்பாள் என்பதில் அர்த்தமே இல்லை. அர்த்தமில்லாத ஒன்றை மாற்றுவதில் என்ன பாவம்?’ கழற்றி வைத்திருந்த என் சட்டையின் பையில் நந்தியாவட்டையைப் போட்டேன். இன்னொரு கொத்து அரளியை எடுத்து வைத்துக் கட்டினேன்.

கவனியுங்கள். முத்துச்சாமி பூ வைத்திருந்தால் அவனுக்கு, சாமி பார்க்கிறது என்று ஒரு பயம் இருந்திருக்கும். ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு என்றுதான் வைத்திருப்பான். சரசுவுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பாவது இருந்திருக்கும். எனக்குப் பயம் இல்லை. என் அவநம்பிக்கை எனக்குத் தைரியம் கொடுத்தது. அவள் நம்பிக்கை எனக்கு அதிகாரம் கொடுத்தது. நம்பாமல் போனது என் குற்றம் இல்லை என்று இன்றும் நினைக்கிறேன். நம்பாதவன் அந்தச் சாவியை வைத்துக்கொண்டிருந்தேனே... அதுதான் குற்றம்.

சரசு தலைக்குக் குளித்துவிட்டு வந்தாள். குழந்தை அம்மாவின் தோளில் தூங்கியது. “சாமி, நான் இங்கயே இருந்துக்கட்டுமா?” என்று சத்தமாகக் கேட்டாள். மூன்று சுற்றுச் சுற்றினாள். இடது பக்கப் பொட்டலத்துக்குக் கையை நீட்டி, நிறுத்தி, வலது பக்கத்தை எடுத்தாள். அந்தத் தயக்கத்தை நான் பார்த்தேன். எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்று அந்த இடத்தில் ஒருவனுக்கு மட்டும் தெரியும்.

சிவப்பைப் பார்த்துவிட்டு அவள் அழவில்லை. பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“செரிங்கண்ணா. உடுமலை பஸ்ஸு எத்தனை மணிக்குங்க?” என்றாள்.

எடுக்காத பொட்டலத்தைக் கிணற்றில் போட்டேன். துணி என்பதால் உடனே மூழ்கவில்லை. வாளியால் அமிழ்த்தினேன்.

அன்று நாலரை மணிக்குக் கவரோடு பஸ் நிலையத்தில் நின்றபோது தங்கராஜ் என் சட்டையைப் பார்த்தார்.

“என்னுங்க பாக்கெட்டுல ஈரமா இருக்குது?”

தொட்டுப் பார்த்தேன். நந்தியாவட்டை வாடிப்போய் இருந்தது. “சாமி பூவுங்க” என்றேன்.

“அப்பறம் எதுக்கு அதைப் போட்டு நசுக்கறீங்க? இங்க குடுங்க.” வாங்கித் தன் சைக்கிள் ஹேண்டில்பாரில் செருகிக்கொண்டு போனார்.

வைகாசியில் எனக்குக் கல்யாணம் நடந்தது. சாந்தாமணி நல்லவள். இரண்டு பையன்கள். ஒரு நாளும் எனக்கு அவளால் குறை இல்லை. என் வீடு, மனைவி, பிள்ளைகள் எல்லாமே அந்த இரண்டாவது பொட்டலத்திலிருந்து வந்தவை. அவளிடம் இதைச் சொன்னதில்லை. எப்படிச் சொல்வது?

சாவியைக் கொடுத்தேனா என்று கேட்பீர்கள். அதன் பிறகு எப்படிக் கொடுக்க முடியும்? ஏன் விட்டாய் என்பார்கள். நம்பிக்கை இல்லை என்றால், எப்போதிருந்து என்பார்கள். சரசுவும் கேட்பாள். அவள் எதையும் திருப்பிப் பார்க்கிறவள். அதனால் நான் முன்னைவிடப் பக்தனானேன். காவடி எடுத்தேன். நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்தேன். “அப்பனையே மிஞ்சிட்டான்” என்றார்கள் தெருவில். அதற்குப் பிறகு யாருக்குப் பூ வைத்தாலும் ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு. மாற்றியதே இல்லை. சத்தியம். யார் மேல் சத்தியம் என்று கேட்காதீர்கள்.

சில நாட்களில் அப்பாவைப் பற்றி நினைப்பேன். நான் பத்தாவதுக்கு மேல் படிக்கலாமா என்று அவர் பூ வைத்துக் கேட்டார். சிவப்பு வந்தது. அன்றைக்கு எடுக்காத பொட்டலத்தில் என்ன இருந்தது? அதுவும் கிணற்றுக்குத்தான் போனது.

பழனிச்சாமி ஒரு வருடம் குடிக்காமல் இருந்தார். பிறகு குடித்தார். சரசு போன ஐந்தாம் வருடம் அவளுடைய வலது காதில் அறைந்தார். உடுமலை ஆஸ்பத்திரியில் ஜவ்வு கிழிந்துவிட்டது என்றார்கள். நான் போய்ப் பார்த்தபோது, கேட்கிறவர்களிடமெல்லாம், பனிக்காத்து அடைத்துக்கொண்டது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என்னிடமும் அப்படியே சொன்னாள்.

“இங்க எதுக்கு இருக்கறே சரசு? வா, போலாம். அம்மா கூட்டிட்டு வரச் சொன்னா” என்றேன். அதைச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் சொன்னேன்.

“சாமி சொல்லித்தானுங்கண்ணா வந்தேன். அதுக்கு ஏதாச்சும் ஒரு காரணம் இருக்குமுங்க. அது தெரியாம நாம பாட்டுக்குக் கெளம்பி வந்தரலாமுங்களா?”

சமையலறைச் சுவரில் முருகன் படம். கல்யாணத்தின்போது அப்பா கொடுத்தது. அதற்குப் புதுச் சரம் போட்டிருந்தாள். வருடா வருடம் தைப்பூசத்துக்குக் கணியூரிலிருந்து பழனிக்குச் செருப்பில்லாமல் நடந்தாள்.

போதாது என்கிறீர்களா? எனக்கும் அப்போது போதவில்லை போலும். வாயைத் திறக்கவில்லை. அம்மா இறந்தபோதும் திறக்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் சரசுவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ‘மல்லிகாவுக்கு வரன் வந்திருக்கிறது. திருப்பூர்ப் பையன், சொந்தமாக நான்கு மெஷின் போட்டிருக்கிறான். இவருக்குப் பிடித்துவிட்டது. பிள்ளை நர்ஸிங் படிக்கவேண்டும் என்கிறாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை அண்ணா. வரும் வெள்ளிக்கிழமை கூட்டிக்கொண்டு வருகிறேன். பூ வைக்கவேண்டும்.’

மல்லிகா, அன்று அம்மாவின் தோளில் தூங்கிய குழந்தை. பதினாறு முடிந்திருந்தது.

கடிதத்தை மடித்து வைக்கும் முன்பே என் கை யோசிக்கத் தொடங்கிவிட்டது. ‘கல்யாணம் செய்யட்டுமா’ என்று கேட்டால் இரண்டிலும் சிவப்பு வைக்கலாம். ‘படிக்க வைக்கட்டுமா’ என்று கேட்டால் இரண்டிலும் வெள்ளை. இந்த முறை நல்லதுக்குத்தானே... அந்த நினைப்பு எவ்வளவு சரளமாக வந்தது என்று பார்த்தபோதுதான் எனக்கு என் மேலேயே அருவருப்பு வந்தது. புதன்கிழமை கணியூர் பஸ் ஏறினேன்.

பழனிச்சாமி கடையில் இருந்தார். சர்க்கரை நோயில் இளைத்துவிட்டார். “வாங்க மச்சான்” என்றார். பின்னால் வீட்டில் சரசு தரையில் தாளை விரித்து மாவு சலித்துக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு, அத்தனையும் சொன்னேன். பல்லடத்துக்காரர் சொன்னது, அரளி, கிணறு எல்லாம்.

அவள் சல்லடையைத் தட்டிக்கொண்டே இருந்தாள். அப்போதுதான் கவனித்தேன். அவளுடைய வலது பக்கத்தில், கேட்காத காதின் பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

தெரியாமல் உட்கார்ந்தேனா?

எழுந்து இடது பக்கம் போய் உட்கார்ந்தேன். மறுபடி சொன்னேன். இரண்டாம் முறை சுருக்கமாக வந்தது, பேப்பருக்கு எழுதுவதுபோல. அவள் கை நின்றது.

“ரெண்டுமேங்களா?”

“ஆமா.”

“வெள்ளைப் பூ பறிக்கவே இல்லீங்களா?”

“பறிச்சேன்.”

“அதை என்ன பண்ணுனீங்க?”

“ஒரு சிநேகிதருக்குக் குடுத்துட்டேன்.”

அவள் சல்லடையில் தங்கிய குருணையைத் தனியாகக் கொட்டினாள். “கம்பெனியில ஒரு பீஸைக்கூட நான் திருப்பிப் பாக்காம உட்டதில்லீங்க. அதை மட்டும் உட்டுட்டேன் பாருங்க” என்றாள்.

“என்னை வையி சரசு” என்றேன்.

“எதுக்குங்க? வெச்சது நீங்கன்னாலும் வெக்க வெச்சது அந்த முருகந்தானுங்கண்ணா.” குரலில் எதுவும் இல்லை. “நேரமாச்சு. சாப்பிட்டுட்டுப் போங்க.”

சாப்பிட்டேன். கேட்டுக்கொள்ளுங்கள், சாப்பிட்டேன். வரும்போது பஸ்ஸில் தூங்கினேன். பதினைந்து வருடத்துக்குப் பிறகு நல்ல தூக்கம். அவளுடைய சாமி என்னை மன்னித்துவிட்டார் என்று நினைத்தேனா? இல்லாத சாமியிடமிருந்து மன்னிப்பை வாங்கிக்கொள்ளவும் கூசாதவன் நான்!

வெள்ளிக்கிழமை ஐந்தரைக்குக் கோவிலைத் திறந்தேன். ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு கட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். எட்டு மணிவரை பார்த்தேன். சரசு வரவில்லை. மல்லிகாவும் வரவில்லை. இரண்டு பொட்டலங்களையும் கிணற்றில் போட்டேன்.

ஆடியில் மல்லிகாவைக் கோவையில் நர்ஸிங் சேர்த்துவிட்டாள். அதற்காகத் தாலிக்கொடியை விற்றாளாம். பழனிச்சாமி கடை வாசலில் நின்று கத்தினாராம். இவள் கேட்காத காதைத் திருப்பி வைத்துக்கொண்டு நின்றாளாம். எனக்கு இதெல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

அந்தத் தைப்பூசத்துக்கு அவள் பழனிக்கு நடக்கவில்லை. உடம்பு சரியில்லையோ என்று நினைத்து மாசியில் கணியூர் போனேன். நன்றாகத்தான் இருந்தாள். காபி கொடுத்தாள். மல்லிகா எழுதிய கடிதத்தைப் படிக்கக் கொடுத்தாள். கிளம்பும்போது தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் போனேன். அப்பா கொடுத்த முருகன் படம் சுவரில் இல்லை. புகை படியாத சதுரம் ஒன்று வெளிறித் தெரிந்தது. அதன் மேலே இருந்த ஆணியில் சல்லடையை மாட்டியிருந்தாள்.

நான் அதைப் பார்த்ததை அவள் பார்த்தாள். பஸ் நிறுத்தம்வரை கூட வந்தாள். “பத்திரமாப் போங்கண்ணா” என்றாள். வழக்கமாக அதற்கு முன்னால், “முருகா” என்று ஒரு சொல் சேர்ப்பாள்.

எனக்கு என் நம்பிக்கை தேர் நின்ற நாளில் போனது. அதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. அவள் காது போன பிறகும் அவளுடையது போகவில்லை. அதைப் பறிக்க என்னுடைய வாய் வேண்டியிருந்தது. உண்மையைச் சொன்னது சரியா? சொல்லாமலே செத்திருந்தால் அவளுக்கு அந்தப் படமாவது சுவரில் இருந்திருக்குமா? அல்லது உண்மை தெரிந்ததால்தான் மல்லிகா இன்று கோவையில் இருக்கிறாளா? எது எதற்கு ஈடு என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் யாரையும் நான் சந்திக்கவில்லை.

தங்கராஜின் அம்மா இறந்துவிட்டார். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவர் சர்ச்சுக்குப் போவதில்லை. சாவியைப் பற்றி என்னிடம் அவர் மறுபடி கேட்கவும் இல்லை.

கணியூரிலிருந்து வந்த மறு வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்குக் கோவிலைத் திறந்தேன். பூக் கேட்க மூன்று பேர் வந்திருந்தார்கள்.